செட்டிபாளையத்துப் பெயரும் டெட்ராய்ட்டின் யாழும்

1

கறுப்பின அமெரிக்க இசையின் தீவிரமான சோதனை முயற்சிகளில் ஒன்று என்று இன்று உலகம் ஒப்புக்கொள்ளும் ஓர் இசைத்தட்டின் தலைப்பில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவரின் பெயர் இருக்கிறது. 1971இல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’தான் அந்தத் தட்டு. இதில் வரும் சச்சிதானந்தா என்பது வேதாந்தத்தின் சத்-சித்-ஆனந்தம் மட்டுமல்ல. 1914இல் கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் ராமசாமிக் கவுண்டராகப் பிறந்து, பேரூர்க் கோயிலில் நிர்வாகியாக இருந்து, 1949இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று, இலங்கையில் சில காலம் பணியாற்றி, 1966இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த சுவாமி சச்சிதானந்தாவும்தான். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்து பேசினாரே, அவரேதான்.

இந்தச் செய்தி தெரிந்தவுடன் நம்மிடையே இரண்டு எதிர்வினைகள்தான் வரும். ஒன்று, ‘பாத்தீங்களா, நம்மூர்க்காரரு!’ என்கிற வட்டாரப் பெருமிதம். அது கொஞ்சம் கிளறினால் சாதிப் பெருமிதமாகக் கைக்கு வரும். இன்னொன்று, எட்வர்ட் சயீதைப் படித்த நம் நண்பர்களிடமிருந்து வருவது: ‘மேற்கு தன் சலிப்பைத் தீர்த்துக்கொள்ளக் கிழக்கைப் புனைகிறது, இது கீழைத்தேயவாதத்தின் இன்னொரு பண்டம்.’ முதலாமவர் தட்டைக் கேட்க மாட்டார், பெயர் போதும். இரண்டாமவரும் கேட்க மாட்டார், கோட்பாடு போதும்.

பல வருஷங்களாக இந்தத் தட்டைச் சரவணம்பட்டியில் உட்கார்ந்து கேட்டுவருகிறவன் என்கிற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. இந்த இசைக்குள் இருக்கிற இந்தியா யாருடைய இந்தியா என்ற கேள்வியை ஆலிஸிடம் கேட்பதற்கு முன்னால் நம்மிடம் கேட்டாக வேண்டும். கடல் தாண்டிப் போகிற வண்டியில் எதை ஏற்றினோம், எதை இறக்கிவிட்டோம் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

2

ஆலிஸ் மக்லியோட் 1937இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். கார்த் தொழிற்சாலைகளின் ஊர் அது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினக் குடும்பங்களின் ஊர். சிறுமியாக இருந்தபோதே கிறித்தவ தேவாலயத்தில் பியானோ வாசித்தார். பிறகு பீ-பாப் ஜாஸில் தேர்ந்தார். 1965இல் ஜான் கோல்ட்ரேனை மணந்தார். 1966இல் மக்காய் டைனர் விலகிச்சென்ற இடத்தில் அவர் குழுவின் பியானோ கலைஞரானார். 1967 ஜூலை 17 அன்று ஜான் ஈரல் புற்றுநோயில் இறந்தபோது ஆலிஸுக்கு வயது 29, கையில் நான்கு குழந்தைகள்.

ஜான் கோல்ட்ரேன் யார் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களில் சிலருக்காவது சொல்ல வேண்டும். 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் வெள்ளை நிறவெறியர்கள் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். அந்த நவம்பரில் ‘அலபாமா’ என்ற பெயரில் சொல்லே இல்லாத ஓர் ஒப்பாரியை ஸாக்ஸபோனில் பதிவுசெய்தவர் அவர். 1965இலிருந்து ஜாஸின் இணக்கமான சுருதியையும் சீரான தாளத்தையும் விட்டு வெளியேறி, ‘அஸென்ஷன்’ மாதிரி பதினொரு பேர் ஒரே சமயத்தில் பொங்குகிற இசைக்குள் நுழைந்தார். ரசிகர்களில் பாதிப்பேர் எழுந்துபோனார்கள். ஃப்ரீ ஜாஸ் என்று சொல்லப்பட்ட அந்த இசைக்குள்தான் ஆலிஸ் அவரோடு போனார்.

எழுந்துபோனவர்கள் பழியை யார்மேல் போட்டார்கள்? சொல்ல வேண்டுமா! பெண்டாட்டிமேல்தான். ஒரு பெரிய ஆண் கலைஞன் வழக்கத்திலிருந்து விலகினால் அது அவன் தேடல், இல்லாவிட்டால் பொம்பளை கெடுத்தது. இது டெட்ராய்ட்டிலும் உண்டு, திருச்செங்கோட்டிலும் உண்டு. 1972இல் ஜானின் பழைய பதிவுகள்மேல் தந்தி வாத்தியங்களைச் சேர்த்து ‘இன்ஃபினிட்டி’ என்று ஆலிஸ் வெளியிட்டபோது விமர்சகர்கள் இழிவாக எழுதினார்கள். இறந்த கணவனின் சொத்துக்குக் காவல்காரியாக இருக்கலாம், அதன்மேல் எழுதுகிறவளாக இருக்கக்கூடாது என்பதே அந்த விமர்சனத்தின் அடியில் கிடந்த விதி.

ஜான் சாவதற்கு முன்னால் ஒரு ஹார்ப் வாத்தியத்துக்குச் சொல்லிவைத்திருந்தார். அது அவர் இறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம்முடைய பழைய வில்யாழுக்குத் தூரத்து உறவான இந்தப் பெரிய நரம்பு வாத்தியத்தை ஆலிஸ் பழகத் தொடங்கினார். துக்கத்தில் தூக்கம் போய், எடை கரைந்து, காட்சிகள் தோன்றித் தவித்த காலம். அந்தச் சமயத்தில் பாஸ் கலைஞர் விஷ்ணு வுட் மூலம் சச்சிதானந்தாவிடம் போனார். 1970 நவம்பர் 8 அன்று, லாங் ஐலண்டின் டிக்ஸ் ஹில்ஸில், ஜானோடு வாழ்ந்த வீட்டின் பதிவுக்கூடத்தில் தட்டின் முதல் நான்கு உருப்படிகள் பதிவாயின. ஐந்தாவது, அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் அரங்கில் நடந்த கச்சேரியிலிருந்து எடுத்தது. டிசம்பரில் சுவாமியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஆகவே தலைப்பில் இருக்கும் பயணம், பதிவாகும்போது இன்னும் நடக்காத பயணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

தட்டைப் போட்டால் முதலில் தம்பூரா. துளசி என்ற பெயரோடு ஒருவர் மீட்டுகிறார். நம் காது உடனே தயாராகிவிடும், ‘சரி, ஆலாபனை வரப்போகுது’ என்று. வராது. ஸெஸில் மக்பீயின் பாஸ் ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கும். அதன்மேல் மணிகள், ரஷீத் அலியின் தாளவாத்தியங்கள். அப்புறம் ஆலிஸின் ஹார்ப் நீர் இறைத்துக் கொட்டினாற்போல மேலிருந்து கீழே சரியும். கடைசியாக ஃபாரோ ஸாண்டர்ஸின் சோப்ரானோ ஸாக்ஸபோன் நுழையும்.

ராகம் எங்கே என்று தேடினால் இல்லை. ஆவர்த்தனம் எங்கே என்று எண்ணினால் அதுவும் இல்லை. கர்நாடகக் கச்சேரியில் தம்பூரா என்பது பின்னால் உட்கார்ந்திருக்கும் சட்டம். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே அது சட்டம் அல்ல, ஈரக்காற்று மாதிரி ஒரு சூழல். சட்டத்தின் வேலையைச் செய்வது பாஸ்தான். அந்தத் திரும்பச் சொல்லலின் பிறப்பிடம் இந்தியா அல்ல. ப்ளூஸும் டெட்ராய்ட் தேவாலயமும் அது. சபை முழுக்க ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு விடாமல் சொல்ல, அதன்மேல் ஒருத்தி மட்டும் எழுந்து கதறுகிற அந்த ஞாயிற்றுக்கிழமை முறை.

ஃப்ரீ ஜாஸ் பற்றி நம் சூழலில் ஒரு தப்பெண்ணம் உண்டு: விதியே இல்லாமல் ஆளாளுக்கு வாசிப்பது என்று. நவீன கவிதைக்கு ‘யாப்பு இல்லாத எதுவும் கவிதை’ என்று சொன்னதுபோல. விதி இல்லாத ஆட்டம் எங்குமே கிடையாது. வேறு விதி இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்கக் கால்பந்தில் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, அணிக்குப் பதினொரு பேர். எல்லையைத் தாண்டிக் கனடாவில் அதே மாதிரி ஆட்டத்துக்கு மூன்றே வாய்ப்பு, பன்னிரண்டு பேர். ஒரு வாய்ப்புக் குறைந்ததும் ஆட்டத்தின் குணமே மாறிப்போகிறது. முட்டி மோதுவது குறைந்து, பந்தைத் தூர வீசுவது கூடுகிறது. அமெரிக்கன் பார்த்தால் ‘தப்பா ஆடறானுக’ என்றுதான் நினைப்பான்.

நமக்குப் பழகிய உதாரணம் சடுகுடு. எதிர்க்கோட்டுக்குள் போகிறவனை ‘பாடிப் போறான்’ என்று சொல்கிறோம். பாட்டுக்கு மெட்டு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மூச்சு அறாமல் இருக்க வேண்டும். எந்தத் திசையில் போகலாம், எவனைத் தொடலாம், எப்போது பாய்ந்து திரும்பலாம் எல்லாம் அவன் இஷ்டம். ஒரே விதி மூச்சு. கடைசிக் காலத்து ஜான் கோல்ட்ரேனையும் ஃபாரோ ஸாண்டர்ஸையும் நான் இப்படித்தான் கேட்கிறேன். தாளக்கட்டு போன பிறகு காலத்தை அளப்பது மூச்சு. மூச்சு எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு நீளம் வாக்கியம். அது முடியும் விளிம்பில் ஸாக்ஸபோன் அலறுகிறதே, அந்த அலறலைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், கோட்டைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போது பிடிபட்டவன் எப்படித் துடிப்பான் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஆலிஸின் சாதனை எங்கே இருக்கிறது என்றால், இந்த மூச்சின் விதியை மூச்சே இல்லாத ஒரு வாத்தியத்துக்குள் கொண்டுவந்ததில். ஹார்ப்பில் ஊதுகிறவனின் அலறல் முடியாது. நரம்பை மீட்டியதும் ஒலி சாகத் தொடங்கிவிடும். அதனால் அவர் அலையலையாக மீட்டுகிறார். ஒன்று சாவதற்குள் அடுத்தது. கணவன் இறந்த வீட்டில், கணவன் வாங்கச் சொன்ன வாத்தியத்தில், ஒலியைச் சாகவிடாமல் வைத்துக்கொண்டிருக்கிறார். ‘ஸம்திங் அபௌட் ஜான் கோல்ட்ரேன்’ என்ற நான்காவது உருப்படியில் பியானோவுக்குத் திரும்பி, ஜானின் சாயல்கள்மேல் வாசிக்கிறார். இதைத் ‘தியான இசை’ என்று உறைபோட்டு விற்பவர்கள் மலிந்துவிட்டார்கள். தூங்குவதற்கும் யோகா வகுப்புக்கும் போடுகிறார்கள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் போய்த் தூங்கலாமா?

4

அப்படியானால் இதில் இந்தியா எங்கே? பெயர்களில் இருக்கிறது: ‘சிவ-லோகா’, ‘ஸ்டாப்ஓவர் பாம்பே’. தம்பூராவில் இருக்கிறது. ஆனால் கடைசி உருப்படியின் பெயர் ‘ஐஸிஸ் அண்ட் ஒஸைரிஸ்’. எகிப்தியத் தெய்வங்கள். அதில் அரபு நாட்டு ஊத் வாத்தியம் வருகிறது, வாசிப்பவர் விஷ்ணு வுட். சிவலோகமும் பம்பாயும் எகிப்தும் அரேபியாவும் ஒரே தட்டில். புவியியல் தெரியாமல் செய்த குழப்படி அல்ல இது. வெள்ளைக் கிறித்தவ அமெரிக்கா தங்களுக்குக் கொடுத்த வரலாற்றை மறுத்த கறுப்பினக் கலைஞர்கள் தங்களுக்கு ஒரு ‘வேறிடம்’ கட்டிக்கொண்ட காலம் அது. சன் ரா சனிக்கிரகத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டார். சிலருக்கு இஸ்லாம், சிலருக்குப் பண்டைய எகிப்து, சிலருக்கு இந்தியா. இந்த வேறிடம் வரைபடத்தில் இல்லாதது. அதனால்தான் போகாத பயணத்தைப் பதிவுசெய்ய முடிந்தது.

கீழைத்தேயவாதம் என்ற குற்றச்சாட்டு இங்கே சறுக்குவது இதனால்தான். சயீது பேசியது ஆளுகிறவன் ஆளப்படுகிறவனைப் புனைவது பற்றி. இரண்டரை நூற்றாண்டு அடிமைத்தனத்தின் பேத்தி, தன் நாட்டிலேயே அந்நியமாக்கப்பட்டவள், தனக்கு ஒரு தங்குமிடம் புனைந்துகொள்வது அதே கணக்கில் வராது. அதிகாரத்தின் திசை வேறு.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தத் தங்குமிடத்துக்கு வேண்டிய மரச்சாமானைக் கொடுத்தது யார்? இங்கேதான் செட்டிபாளையம் வருகிறது.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஆன்மீகத்தை ‘பார்ப்பனியம்’ என்ற ஒரே சொல்லில் மூடிவிடுவது நம் வழக்கம். சச்சிதானந்தா விஷயத்தில் அது போதாது. அவர் நிலமுள்ள வேளாளக் கவுண்டர் குடும்பத்தில் வந்தவர். தாய்மொழி வேதாந்தம் அல்ல. தோட்டம், கிணறு, குலதெய்வம், ஊர்க்கோயில். அந்த மண்ணிலிருந்து புறப்பட்டவர் அமெரிக்காவில் இறங்கும்போது கையில் இருந்ததோ எல்லா மதமும் ஒன்று, உண்மை ஒன்று, பாதைகள் பல என்கிற, எந்த ஊர் வாசனையும் அடிக்காத ஓர் இந்தியா. 1986இல் வர்ஜீனியாவின் யோகாவில்லில் அவர் திறந்த தாமரை வடிவ லோட்டஸ் ஆலயத்தில் உலகத்து மதங்களுக்கெல்லாம் இடம் உண்டு. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு வட்டாரத்திலிருந்து போன மனிதரின் சர்வசமயத்தில், அந்தப் பிரிவுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஏற்றுமதியில் முதலில் உதிர்வது சாதி என்ற சொல்தான். சாதி உதிர்வதில்லை. (1991இல் சுவாமிமேல் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, அவர் மறுத்தார் என்பதையும் இங்கே பதிவுசெய்துவிட வேண்டும். குருவின் அதிகாரம் பற்றிய விவாதம் அது. தனியே பேச வேண்டியது.)

1972இல் வந்த ‘வேர்ல்ட் கேலக்ஸி’ என்ற தட்டில், ஜானின் ‘எ லவ் சுப்ரீம்’ இசையை ஆலிஸ் புதிதாக அமைத்தபோது, அதன்மேல் சச்சிதானந்தாவின் குரலையே சேர்த்தார். சிகாகோ கறுப்பிசைக்காரர்களின் கூட்டமைப்பிலிருந்து வந்த லீராய் ஜென்கின்ஸின் வயலின், ஃப்ராங்க் லோவின் ஸாக்ஸபோன், இவற்றுக்கு நடுவே கொங்கு மண்ணில் ஊறிய ஆங்கில உச்சரிப்பில் அன்பு பற்றிய உபதேசம். கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் இறுகும். நம்ம ஊர் வாத்தியார் ஒருவர் தவறுதலாகப் புரட்சிக்காரர் கூட்டத்தில் வந்து நின்று பேசுவது மாதிரி. குரல் எல்லாரையும் அணைக்கிறது. அதன் கீழே ஸாக்ஸபோனும் வயலினும் எதையும் அணைக்க மறுத்துக் கிழித்துக்கொண்டு போகின்றன. தட்டின் உண்மை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

5

‘சரி, தம்பூராவுக்குப் பதிலாக நம் பறையை அவர்கள் கேட்டிருந்தால்?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ரஷீத் அலியின் தாளத்துக்கும் நம் தப்பட்டைக்கும் உள்ள உறவு தம்பூராவுக்கு இல்லை, ஒடுக்கப்பட்டவனின் தாளம் ஒடுக்கப்பட்டவனின் தாளத்தை அடையாளம் கண்டுகொள்ளும் என்பது வாதம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் இவ்வளவு சுலபமாகச் சமன்படுத்த முடியாது.

அமெரிக்காவில் நடந்தது என்ன? 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். 1740இல் வந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசு பேசும், செய்தி சொல்லும், ஆள் திரட்டும் என்று ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது. தோல்கருவி பறிபோனதும் தாளம் கைதட்டலுக்குள்ளும் காலடிக்குள்ளும் போய் ஒளிந்து, பல தலைமுறை கழித்து ஜாஸின் தாளக் கருவிகளில் திரும்ப வந்தது. அதனால் அங்கே கறுப்பினக் கலைஞன் முரசின் முன்னால் உட்காருவதே ஒரு மீட்பு. அதைச் சீரான எண்ணிக்கையிலிருந்தும் விடுவித்துவிட்டால் இரட்டை மீட்பு.

இங்கே கதை தலைகீழ். இங்கே யாரும் பறையைத் தடைசெய்யவில்லை. கட்டாயமாக்கினார்கள். ஊரில் சாவு விழுந்தால் நீதான் அடிக்க வேண்டும், நோம்பி சாட்டினால் நீதான் அடிக்க வேண்டும், கூலி நாங்கள் கொடுப்பது, நிற்கும் இடம் நாங்கள் காட்டுவது. கொங்கில் அருந்ததியர் தோளில் ஏற்றப்பட்ட தப்பட்டை அது. அதனால் இங்கே விடுதலை பல ஊர்களில் கருவியைக் கீழே வைப்பதாகத் தொடங்கியது. ‘இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று சொன்னதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. 1990களில் தலித் கலைவிழாக்கள் நடந்தபோது இதே விவாதம் எழுந்தது. பறை இழிவின் சின்னமா, கொளுத்திவிடலாமா? அல்லது அது எங்கள் கலை, எங்கள் மேடையில், எங்கள் விருப்பத்தில் அடிப்போமா? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அங்கே தடை, இங்கே கட்டாயம். ஒடுக்குமுறை கருவியைப் பிடுங்கியும் வேலை செய்யும், கையில் திணித்தும் வேலை செய்யும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ‘கறுப்பிசையும் பறையிசையும் ஒன்று’ என்று மேடையில் முழங்குவது, ‘எல்லா மதமும் ஒன்று’ என்ற சுவாமியின் வேலையையே நாம் வேறு சொற்களில் செய்வதாகும்.

அதே சமயம் ஒப்பீட்டுக்கு இடமில்லாமல் போகவில்லை. 1965இல் சிகாகோவில் தொடங்கிய அந்தக் கூட்டமைப்பில் பலர் ‘ஜாஸ்’ என்ற சொல்லையே ஏற்கவில்லை. அது விபச்சார விடுதியின் சொல், வெள்ளை வியாபாரியின் சொல், நாங்கள் செய்வது மகத்தான கறுப்பிசை என்றார்கள். தப்பு, தப்பட்டை என்ற சொற்களை மறுத்துப் ‘பறை’ என்று நிமிர்ந்து சொல்வதற்குப் பின்னாலும் இதே அரசியல்தான். பெயரை யார் வைப்பது, எங்கே அடிப்பது, யாருக்காக அடிப்பது, எப்போது மாட்டேன் என்பது: இந்த நான்கு கேள்விகளிலும் சிகாகோவும் கொங்கும் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ள முடியும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கறுப்பின அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஆசிரமப் பாதை ஒன்று மட்டும் இருக்கவில்லை. 1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுபோன மனுவைப் பற்றி விசாரித்தார். டுபாய்ஸ் பதில் எழுதினார். 1972இல், ‘வேர்ல்ட் கேலக்ஸி’ வந்த அதே ஆண்டு, பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. பெயரே கருஞ்சிறுத்தைகள் கட்சியிலிருந்து எடுத்தது. ஆலிஸ் பம்பாயில் ‘தங்கிச் செல்லும்’ கற்பனையை இசையாக்கிக்கொண்டிருந்த சமயத்தில் அதே பம்பாயில் நாம்தேவ் தசாலும் நண்பர்களும் கறுப்பின அமெரிக்காவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ரயில்கள் ஒரே நிலையத்தைக் கடந்தன. ஒன்றில் இருந்தவர்கள் மற்றதைப் பார்க்கவில்லை. ஆசிரமத்துக்குப் பணமும் அரங்கமும் விசாவும் இருந்தன. சிறுத்தைகளுக்குக் கவிதையும் தெருவும் இருந்தன. எது கடல் தாண்டும் என்பதைத் தீர்மானித்தது ஆழம் அல்ல, போக்குவரத்து வசதி.

6

ஆலிஸ் பின்னர் சச்சிதானந்தாவிடமிருந்தும் நகர்ந்துவிட்டார். சாயிபாபாவிடம் ஈடுபாடு கொண்டார், துரியசங்கீதானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டார், கலிபோர்னியாவில் தானே ஓர் ஆசிரமம் நிறுவினார். வணிக இசைத்தட்டு உலகத்தை விட்டு விலகி, ஆசிரமத்தாருக்காக மட்டும் கேசட்டுகள் வெளியிட்டார்; 1982இல் வந்த ‘துரியா ஸிங்ஸ்’ அவற்றில் முதலாவது. பஜனைப் பாட்டுகள்தான். சொல் சமஸ்கிருதம். ஆனால் ஆர்கன் வாசிப்பும் சபையின் கைதட்டலும் அசல் டெட்ராய்ட். வெளியே எவ்வளவு மாறினாலும் அந்தச் சிறுமி வாசித்த தேவாலயம் எங்கும் போகவில்லை. 2007 ஜனவரியில் ஆலிஸ் இறந்தார். ஆசிரமக் கட்டிடம் 2018இல் காட்டுத்தீயில் எரிந்தது. 2024இல் இம்பல்ஸ், 1971 பிப்ரவரி கார்னகி ஹால் கச்சேரியை முழுதாக வெளியிட்டது. சச்சிதானந்தாவின் யோக நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி அது! ஃபாரோ ஸாண்டர்ஸோடு ஆர்ச்சி ஷெப்பும் சேர்ந்து, இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ். முதல் பாதியில் ஹார்ப்பும் தம்பூராவும் அமைதியாகப் போகும். பிறகு ஜானின் ‘ஆப்பிரிக்கா’வை எடுத்து அரைமணி நேரத்துக்கு நெருக்கமாகக் கொதிக்கவிடுகிறார்கள். யோகாவுக்கு நன்கொடை கொடுக்க வந்தவர்கள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்களோ! ஒரே தட்டு வாங்க வேண்டுமென்றால் இதை வாங்குங்கள் என்பேன். சாந்தியும் கலகமும் ஒரே பெண்ணின் இரண்டு கைகள் என்பது இதில்தான் தெளிவாகக் கேட்கிறது.

ஏன் இதையெல்லாம் இப்போது எழுத வேண்டும்? சரவணம்பட்டி இன்று வேறு ஊர். சத்தி ரோட்டின் இருபுறமும் மென்பொருள் நிறுவனங்கள், அடுக்குமாடிகள். தோட்டம் விற்ற குடும்பத்துப் பையனும் பொண்ணும் இங்கிருந்து நேராக அமெரிக்கா போகிறார்கள். செட்டிபாளையத்துக்காரர் போன 1966இல் ஒருவர் போவதே செய்தி. இப்போது தெருவுக்கு நாலு பேர். இது மூன்றாவது பாதை. ஆசிரமப் பாதையும் அல்ல, சிறுத்தைப் பாதையும் அல்ல, சம்பளப் பாதை. ஆனால் எதை ஏற்றி அனுப்புகிறோம் என்ற கேள்வி பழையதுதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். ஆலிஸ் தன் ஆசிரமத்தில் கறுப்பின மக்களைக் கூட்டி, சாதி என்ற ஒன்று இருப்பதாகவே தோன்றாத ஓர் இந்தியாவைப் பாடிய அதே மாநிலத்தில்.

நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்த விஜய் ஐயர் என்ற பியானோ கலைஞர் இருக்கிறார். கறுப்பின மூத்தோர்களான ஸ்டீவ் கோல்மனிடமும் ராஸ்கோ மிட்செலிடமும் சேர்ந்து வாசித்துக் கற்றவர். 2003இல் கவிஞர் மைக் லாட்டோடு அவர் செய்த ‘இன் வாட் லாங்குவேஜ்?’, விமான நிலையங்களில் சந்தேகத்துக்கு ஆளாகும் பழுப்புத் தோல்காரர்களைப் பற்றியது. ‘நான் இந்தியன், என்னிடம் ஞானம் இருக்கிறது’ என்று சொல்லி அவர் கறுப்பிசைக்குள் நுழையவில்லை. மாணவனாக நுழைந்தார். ஆலிஸ் நம்மிடம் வந்தபோது நாம் குருவாக உட்கார்ந்திருந்தோம். நாம் அவர்களிடம் போகும்போது எப்படிப் போக வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கோவையில் கூட்டம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை உரை எல்லாம் வேண்டாம். கார்னகி ஹால் தட்டின் ‘ஆப்பிரிக்கா’வை முழுக்கப் போட்டுக் கேட்போம். இந்த மாவட்டத்துத் தப்பட்டைக் கலைஞர்கள் நாலு பேரைக் கூப்பிடுவோம். அடிப்பதற்காக இல்லை, கேட்பதற்காக. வண்டிச்சத்தமும் பேச்சாளருக்குக் கொடுக்கிற அதே தொகையும் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைப்போம். அந்த இரண்டு டிரம்ஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம். ‘இது ஒண்ணும் புரியலீங்க’ என்று அவர்கள் சொன்னாலும், அதையும் எழுதிக்கொள்வோம்.